ஈ.கே.ஜி.யில் உள்ள 'கே' எங்கிருந்து வந்தது?



நெஞ்சிலும் கைகால்களிலும் கம்பிகளைப் பொருத்தி, இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் கோடாக வரைந்தெடுக்கும் பரிசோதனையை நாம் அனைவரும் அறிவோம். நம் மருத்துவமனைகளில் மருத்துவரும் தாதியரும் அதனை ஈ.சி.ஜி. என்பர். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் வரும் மருத்துவர்களோ ஈ.கே.ஜி. என்பர். இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஆங்கிலத்தில் 'கார்டியோ' என்னும் சொல் 'சி' என்ற எழுத்தில் அல்லவா தொடங்குகிறது? ஆங்கிலமே பேசும் அமெரிக்கர்களுக்கு 'கே' எங்கிருந்து கிடைத்தது? இக்கேள்வி தமிழ் மாணவனுக்கு எழாது. நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ககரம்தான். ஆங்கில எழுத்துகளை உற்று நோக்கும் மாணவனுக்கு எழும்.

விடை ஜெர்மன் மொழியில் இருக்கிறது. அந்த மொழியில் இச்சொல் 'க' ஒலிக்குரிய 'கே' எழுத்தால் எழுதப்படுகிறது. கதை அதோடு முடிந்தால் இதனை எழுத வேண்டியதில்லை. ஜெர்மனியில் எழுதப்பட்ட இதய மருத்துவ அறிக்கை ஒன்று ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப்படும்போது, அதில் நிறைந்திருக்கும் இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்சுருக்கங்கள் மொழிபெயர்ப்பாளரை எப்படியெல்லாம் ஏமாற்றக்கூடும் என்பதற்கு இந்தக் 'கே' ஒரு தொடக்கமே. அங்குப் பிழை நேர்ந்தால் கெடுவது வாக்கியத்தின் அழகு மட்டுமன்று. இலேசான வால்வுக் கோளாறு உள்ளவர் மாரடைப்பு வந்தவராகிவிடுவார்.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம்.

மனித இதயத்தின் மின்னோட்டத்தை உடலைத் திறக்காமலே முதன்முதலாகப் பதிவு செய்தவர் அகஸ்டஸ் வாலர். 1887ஆம் ஆண்டு, இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அது நிகழ்ந்தது. நுண்குழாயில் நிறைந்த பாதரசம் மின்னோட்டத்துக்கேற்ப ஏறி இறங்குவதைப் படமெடுக்கும் கருவியை அவர் பயன்படுத்தினார். ஜிம்மி என்னும் தம் புல்டாக் நாயை உப்புநீர்க் கிண்ணங்களில் கால்வைத்து நிற்கச் செய்து, அதன் இதயத் துடிப்பையும் அறிஞர் அவைகளில் காட்டினார். 1909இல் இது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மிருகவதை பற்றிய கேள்வியாகவே எழுந்தது. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பதிவு மருத்துவமனைகளில் பெரிதாகப் பயன்படும் என்று வாலரே நம்பவில்லை.

நம்பியவர் வில்லெம் ஐந்தோவன். இவர் நமக்கு அண்டை வீட்டுக்காரர் என்றே சொல்லலாம். 1860ஆம் ஆண்டு, அப்போது டச்சுக்காரர்கள் ஆண்ட சாவகத் தீவின் செமாராங் நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தவர். தந்தை இறந்தபின், 1870இல் தாயார் பிள்ளைகளுடன் நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகருக்குத் திரும்பினார். ஐந்தோவன் இருபத்தைந்து வயதிலேயே லெய்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். பாதரசக் கருவி மெதுவாக நகர்வதால் அது காட்டும் கோடு உண்மையான கோடன்று என உணர்ந்து, கணக்குப் போட்டுத் திருத்தினார். கருவி காட்டிய கோட்டின் மேடுபள்ளங்களுக்கு முன்பே ஏ, பி, சி, டி எனப் பெயரிட்டிருந்ததால், திருத்திய கோட்டுக்கு அரிச்சுவடியின் பின்பகுதிக்குச் சென்று பி, க்யூ, ஆர், எஸ், டி என்னும் எழுத்துகளை வைத்தார். வேறு எழுத்துகள் இருக்க ஏன் இவற்றைத் தேர்ந்தார் என்பது பற்றி அறிஞர்கள் பல விளக்கங்கள் கூறுவர். உலகெங்கும் இன்றும் அவைதாம் வழங்குகின்றன. கோலாலம்பூரிலும் பெர்லினிலும் தோக்கியோவிலும் அந்த ஐந்தெழுத்துக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். காரணம் எளிது: அவை எந்தச் சொல்லுக்கும் முதலெழுத்து அல்ல.

இந்த ஆய்வை ஐந்தோவன் 1895இல் வெளியிட்டது டச்சு மொழியில் அன்று, ஜெர்மன் மொழியில்; உடலியங்கியலுக்குப் புகழ்பெற்ற புளூகர் ஆய்விதழில். அந்தத் தலைப்பில் இச்சொல் 'சி' எழுத்தோடுதான் காணப்படுகிறது! அவரது 1903ஆம் ஆண்டுக் கட்டுரைத் தலைப்பில் அதே சொல் 'கே' எழுத்துக்கு மாறியிருக்கிறது. இடையில், 1901இல், பெர்லினில் ஜெர்மன் எழுத்துமுறையைச் சீராக்கும் மாநாடு நடந்தது. அயற்சொற்களில் 'க' ஒலிக்குக் 'கே' எழுத்தைப் பயன்படுத்தும் போக்கு அக்காலத்தில் வலுப்பெற்றது. எழுத்துச் சீர்திருத்தம் என்றாலே நமக்குத் தந்தை பெரியாரின் 'லை', 'னை' நினைவுக்கு வரும். மருத்துவக் கருவியின் பெயரிலும் அத்தகைய தடம் உண்டு என்பது எனக்கு வியப்பையே தந்தது.

1903ஆம் ஆண்டுக் கட்டுரை பழைய பாதரசக் கருவியைப் பற்றியது மட்டுமன்று. ஐந்தோவன் தாமே அமைத்த இழைக் கால்வனோமானியைப் பற்றியது. வெள்ளி பூசிய மிக மெல்லிய குவார்ட்ஸ் இழை, வலிமையான காந்தப்புலத்தின் நடுவே தொங்கும். உருகிய குவார்ட்ஸை அம்பின் முனையில் இணைத்து எய்துதான் அவ்வளவு மெல்லிய இழையை உருவாக்கினர். கருவி முழுவதும் ஏறத்தாழ 270 கிலோ எடை. இரண்டு அறைகளை அடைத்துக்கொண்டது. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைத்து அமர்ந்திருப்பார். அந்தக் கருவியை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல இயலாது; எனவே ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக நோயாளியின் இதயத் துடிப்பை ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்தார். 1924ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

டச்சுக்காரர் ஏன் ஜெர்மன் மொழியில் எழுதினார்? முதல் உலகப் போருக்கு முன் மருத்துவ ஆய்வின் பொதுமொழிகளுள் ஜெர்மன் முதன்மையானது. இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையை ஆராய்ந்த கரெல் வெங்கெபாக் டச்சுக்காரர்; எழுதியது ஜெர்மனில். இன்னும் சிறந்த சான்று சுனாவோ தவாரா என்னும் ஜப்பானியர். இவர் மார்பூர்க் நகரில் லூட்விக் அஷோஃப் என்பாரிடம் பயின்று, இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டல் செல்லும் பாதையை முழுமையாகக் கண்டறிந்து, 1906இல் ஜெர்மன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். ஐந்தோவனின் கோடுகள் எதைக் காட்டுகின்றன என்பதற்கு உடற்கூற்று அடிப்படை அந்நூலில்தான் கிடைத்தது. அதன் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு எப்போது வந்தது தெரியுமா? 2000ஆம் ஆண்டில். தொண்ணூற்று நான்கு ஆண்டுகள்!

அமெரிக்காவின் 'கே' இந்தப் பின்னணியில் வந்ததே. அமெரிக்க மருத்துவர் பலர் அக்காலத்தில் உயர்கல்விக்கு ஜெர்மனிக்கும் வியன்னாவுக்கும் சென்றனர். 1909இல் நியூயார்க்கிற்கு வந்த முதல் இழைக் கருவியும் ஜெர்மனியின் மியூனிக் நகரில் எடெல்மான் நிறுவனம் செய்தது. பிரிட்டனிலோ கேம்பிரிட்ஜ் நிறுவனத்தின் கருவியும் தாமஸ் லூயிஸ் எழுதிய ஆங்கில நூல்களும் பரவின. அங்குச் 'சி' நிலைத்தது. பிரிட்டிஷ் மருத்துவக் கல்வியின் வழிவந்த நமக்கும் அதுவே வந்தது. மூளையின் மின்னலைப் பதிவான ஈ.ஈ.ஜி.யுடன் காதில் குழம்பாமல் இருக்கக் 'கே' உதவுகிறது என்று சொல்வோரும் உண்டு. அது பிற்காலப் பயனாக இருக்கலாம். தொடக்கக் காரணமாக இருக்க முடியாது. மூளை மின்னலை பற்றிய ஹான்ஸ் பெர்கரின் முதற்கட்டுரை வெளிவந்ததே 1929இல்தான்.

ஐந்தோவனின் ஐந்தெழுத்தைப் போலன்றி, மற்றச் சுருக்கங்களுக்குப் பின்னால் சொற்கள் நிற்கின்றன. அச்சொற்கள் ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே பிறந்தவை. சில வேளைகளில் ஒரே ஆண்டில் பிறந்தவை. மேலறைத் தசைகள் ஒழுங்காகச் சுருங்காமல் துடிதுடிக்கும் நிலையைக் கவனியுங்கள். 1909இல் வியன்னாவில் ரோத்பெர்கர், வின்டர்பெர்க் என்னும் இருவர் அதனை மனிதரிடம் அடையாளம் கண்டு எழுதினர். அதே ஆண்டில் இலண்டனில் தாமஸ் லூயிஸும் எழுதினார். வியன்னாவின் சொல் 'ஃபோர்ஹோஃப்ஃபிளிம்மெர்ன்'. அதன் சுருக்கம் வி.எச்.எஃப். (ஜெர்மன் எழுத்துகளை நம் வசதிக்காக ஆங்கிலப் பெயர்களாலேயே குறிக்கிறேன்.) இலண்டனின் சொல் 'ஆரிக்குலர் ஃபிப்ரிலேஷன்', சுருக்கம் ஏ.எஃப். பின்னாளில் 'ஆரிக்குலர்' போய் 'ஏட்ரியல்' வந்தது. இரண்டும் 'ஏ'யில் தொடங்குவதால் சுருக்கம் மாறவில்லை. சொல் இறந்தும் எழுத்து பிழைத்துக்கொண்டது.

ஜெர்மனின் 'ஃபோர்ஹோஃப்' அழகான சொல்: வீட்டின் முன்முற்றம். கீழறைக்கு அவர்கள் சொல் 'காமர்', அறை. முற்றத்தைக் கடந்து அறைக்குள் புகும் குருதி! ஆனால் மொழிபெயர்ப்பாளருக்கு அங்கேதான் பொறி. ஜெர்மனில் 'வி' எழுத்து மேலறையைக் குறிக்க, ஆங்கிலத்தில் அதே எழுத்து 'வென்ட்ரிக்கிள்' எனும் கீழறையைக் குறிக்கும். கீழறை இவ்வாறு துடிதுடித்தால் ஆங்கிலத்தில் வி.எஃப்.; சில நிமிடங்களில் உயிர் போகும் நிலை. மேலறைத் துடிதுடிப்போடு முதியோர் பலர் மருந்துண்டு ஆண்டுக்கணக்காக வாழ்கின்றனர். வி.எச்.எஃப். என்பதன் நடுவெழுத்தை அசட்டையாக விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இரத்த அழுத்தத்துக்கு ஜெர்மன் மருத்துவர் எழுதுவது ஆர்.ஆர். இது எந்தச் சொல்லின் சுருக்கமும் அன்று. ஒரு மனிதரின் பெயர். இத்தாலியின் தூரின் நகரில் 1896இல், கையில் காற்றுப்பட்டை கட்டி அழுத்தம் அளக்கும் கருவியை வெளியிட்ட ஷிப்பியோனே ரீவா-ரோச்சி. அவர் அளந்தது மேல் அழுத்தத்தை மட்டுமே. இதயம் சுருங்கும்போதும் விரியும்போதும் உள்ள இரு அளவுகளையும் காதால் கேட்டு அறியும் முறையை 1905இல் சொன்னவர் உருசியரான கொரொட்கொவ். இன்று ஜெர்மன் தாளில் 'ஆர்.ஆர். 140/90' என எழுதும்போது கையாளப்படுவது கொரொட்கொவின் முறை. புகழ் மட்டும் இத்தாலியருக்கு. ஆங்கில மருத்துவத்தில் ஆர்.ஆர். என்பது மூச்சு வீதம். நிமிடத்துக்கு 140 முறை எவரும் மூச்சு விடார் என்பதால் இதனைப் படிக்கும் மருத்துவர் தடுமாறினாலும் தப்பித்துவிடுவார்.

எச்.எஃப். என்பதும் அப்படித்தான். ஜெர்மனில் அது இதயத் துடிப்பு வீதம். ஆங்கிலத்தில் இதயச் செயலிழப்பு. பின்னால் 78 என்று எண் இருந்தால் ஐயம் தீரும்.

எண்ணும் துணைக்கு வராத இடம்தான் ஆபத்தானது. எம்.ஐ. என்னும் ஈரெழுத்தை ஆங்கிலம் அறிந்த எந்த மருத்துவரிடம் காட்டினாலும் மாரடைப்பு என்பார். இதயத்தை மீயொலி அலையால் பார்த்து எழுதும் ஜெர்மன் அறிக்கையில் அதே ஈரெழுத்து, மைட்ரல் வால்வு சரியாக மூடாமல் குருதி பின்னோக்கிக் கசிவதைக் குறிக்கும். 'இலேசான எம்.ஐ.' என்று ஜெர்மன் மருத்துவர் எழுதியதை எழுத்து மாறாமல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் 'இலேசான மாரடைப்பு' ஆகிவிடும். இத்தகைய சிறு கசிவு எந்தத் தொல்லையும் இல்லாதவர் பலரிடம் காணப்படுவது. பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. ஆனால் மாரடைப்பு வந்தவர் என்று ஏட்டில் ஏறிவிட்டால், மருந்தும் காப்புறுதியும் வேலையும் அவருக்கு வேறாகிவிடக்கூடும். தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் இங்குச் சுற்றுமுற்றும் பார்ப்பார்: இந்த வரி மீயொலிப் பகுதியில் உள்ளதா? பின்னால் தரம் ஒன்று, இரண்டு என உரோமன் எண் உள்ளதா? பக்கத்தில் ஏ.ஐ., டி.ஐ. என்று மற்ற வால்வுகளின் கசிவும் பேசப்படுகிறதா? இருப்பின் அது வால்வுதான். ஜெர்மானியரிலும் சிலர் மாரடைப்புக்கே எம்.ஐ. என எழுதுவதால், கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற விதி எதுவும் இல்லை.

தாய்மொழிக்குள்ளேயே இரட்டுற மொழியும் சுருக்கமும் உண்டு. எச்.டபிள்யூ.ஐ. என்றால் இதயத்தின் பின்சுவர் மாரடைப்பு. சிறுநீர்ப் பாதைத் தொற்றும் அதே மூன்றெழுத்துதான். காளமேகம் மகிழ்ந்திருப்பார், நோயாளி மகிழமாட்டார். சரி, இது மாரடைப்புதான் என்று உறுதி செய்துகொண்டோம். சொல்லை விரித்தும் ஆயிற்று. 'பின்சுவர்' என்று சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கலாமா? அதுவும் கூடாது. ஜெர்மன் மரபு 'பின்சுவர்' என வழங்கும் பகுதி பெரும்பாலும் ஆங்கில மரபில் 'கீழ்ச்சுவர்' எனப்படுவது. ஆங்கிலத்தில் 'பின்சுவர்' என்றால் வேறோர் இடம். விரித்தபின்னும் ஒரு படி மீதமிருக்கிறது: அந்த மரபினர் அந்த நோய்க்கு வழங்கும் பெயரைத் தேடுவது.

எல்.எஸ்.பி. என்பதிலும் இதே இரட்டைப் பொறி. இதன் விரிவில் வரும் 'ஷெங்கல்' என்னும் ஜெர்மன் சொல்லுக்கு நேர்ப்பொருள் தொடை. தவாரா கண்ட மின்பாதை இதயத்தின் நடுச்சுவரில் இரண்டாகப் பிரிந்து இறங்குவதால் அவற்றைத் 'தவாராவின் தொடைகள்' என்றே ஜெர்மானியர் அழைத்தனர். ஆங்கிலத்தில் அவை கிளைகள். இடக்கிளையில் மின்தூண்டல் தடைப்படுவதை ஜெர்மன் மூன்றெழுத்தில் சொல்ல, ஆங்கிலம் எல்.பி.பி.பி. என நான்கெழுத்தில் சொல்கிறது. ஆங்கில மருத்துவருக்கோ எல்.எஸ்.பி. என்பது நெஞ்செலும்பின் இடது ஓரம், அதாவது குழல் வைத்து இதய ஒலி கேட்கும் ஓரிடம்.

பெயர் வைப்பதிலும் மொழிகளுக்குத் தனிக்குணம் உண்டு. நாள் முழுதும் உடலில் அணிந்து துடிப்பைப் பதியும் கருவியை ஆங்கிலம், அதனைப் படைத்த அமெரிக்கர் நார்மன் ஹோல்டரின் பெயரால் வழங்குகிறது. ஜெர்மன் 'நெடுநேர' என்னும் முன்னொட்டைச் சேர்த்து எல்.இசட்.-ஈ.கே.ஜி. என்கிறது. இரத்த அழுத்தத்தில் இது தலைகீழ்: அங்கு ஜெர்மன் ஆளின் பெயரைச் சொல்ல, ஆங்கிலம் பொருளைச் சொல்கிறது.

என்னைக் கேட்டால், எல்லாவற்றினும் அச்சம் தருவது இதயத்தோடு தொடர்பே இல்லாத ஒரு சிறு சுருக்கம்: வி.ஏ. ஜெர்மனில் 'ஐயம் உண்டு' என்பது அதன் பொருள். 'வி.ஏ. கே.எச்.கே.' என்றால் இதயத்தமனி நோய் இருக்குமோ என ஐயுறுகிறோம், இன்னும் பரிசோதிக்க வேண்டும் என்பதே செய்தி. கே.எச்.கே. என்னும் கடினமான பகுதியை அரும்பாடுபட்டு விரித்து, ஆங்கிலத்தின் சி.ஏ.டி. எனச் சரியாகப் பெயர்த்துவிட்டு, முன்னால் நின்ற இரண்டு எழுத்தை விட்டுவிட்டால், ஐயம் முடிவாகிவிடும். நம் மாணவர் கருத்துணர்தல் பகுதியில் 'போலும்', 'கூடும்' ஆகியவற்றைத் தாண்டிச் சென்று மதிப்பெண் இழப்பதை நினைத்துக்கொள்கிறேன். அதேபோல் 'ஓ.பி.' என்று முடிந்தால் பெற்றோர் அஞ்ச வேண்டா: குறிப்பிடும்படியாக ஒன்றும் காணப்படவில்லை என்பதே பொருள்.

பிள்ளைகள் ஜெர்மனியில் படிக்கவோ பணிபுரியவோ சென்றிருக்கும் குடும்பங்கள் இப்போது நம்மிடையே உண்டு. அங்குச் சிகிச்சை பெற்று, மருத்துவமனை தந்த கடிதத்தோடு இங்கு வருவோர், சுருக்கங்களை முழுச்சொல்லாக விரித்து எழுதித் தருமாறு அங்கேயே கேட்டுப் பெறுவது நல்லது. விரித்த சொல்லை இங்குள்ள மருத்துவரும் மொழிபெயர்ப்பாளரும் அகராதியில் தேடலாம். இரண்டெழுத்தைத் தேடினால் ஐந்து விடை வரும்.

இனி அந்தக் 'கே'க்கு மீண்டும் வருவோம். மலாய் மொழியில் இச்சொல் 'எலெக்ட்ரோகார்டியோகிராம்' எனக் 'கே' எழுத்தால் எழுதப்படினும் நம் மருத்துவமனைகளின் வாய்வழக்கு 'சி'யாகவே நிற்கிறது. ஐந்தோவன் பிறந்த செமாராங் இன்று இந்தோனேசியாவில். அங்கு மருத்துவர் ஈ.கே.ஜி. என்கின்றனர். அவர் வாழ்ந்து உழைத்து 1927இல் மறைந்த நெதர்லாந்திலோ ஈ.சி.ஜி. என எழுதுகின்றனர். பொதுமக்கள் அதையும் சொல்வதில்லை. அவர்கள் தம் மொழியில் வழங்குவது 'இதயத்தின் குட்டிப்படம்' என்னும் பொருள்தரும் ஒரு சொல். அதற்கு எந்தச் சுருக்கமும் இல்லை.